ரெஸ்டோர் செய்த எம்ஜிபி ஜிடி வாங்கப் போகிறீர்களா? பெயிண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் குனிந்து பாருங்கள்

'முழுவதும் ரெஸ்டோர் செய்யப்பட்டது' என்று, எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ஜிடி ஒன்று விற்பனைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் பெரும்பாலும் பெயிண்ட் எப்படி, சீட் எப்படி என்றுதான் கேட்பார். நான் கேட்பது வேறு. சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி) எப்போது மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள், மாற்றும்போது போட்டோ எடுத்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் நான் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி பக்கம் பாடி ஷாப்களில் டிங்கரிங் வேலை பார்த்தே தலை நரைத்த ஆள் நான். தெரிந்தவர்கள் பழைய கார் பார்க்கப் போகும்போது துணைக்குக் கூப்பிடுவார்கள். எல்லோருடனும் போக முடிவதில்லை. அதனால் நான் கூட வந்தால் என்ன பார்ப்பேனோ, அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம்: அவசரமே வேண்டாம். எம்ஜிபி, கூரை திறந்த காராக 1962-ல் வந்தது. அதற்கு நிரந்தரக் கூரையும், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவும் வைத்து ஜிடி வந்தது 1965 அக்டோபரில். அந்தக் கூரையின் வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தின் கை உண்டு. எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்படும் வரை ஏறத்தாழ 1,25,000 ஜிடி அங்கிருந்து வெளியே வந்தன. 'இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது' என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். அடுத்த மாதமே இன்னொன்று வரும். கூரை திறந்த எம்ஜிபியைவிட ஜிடி விலை குறைவாகவே போகும், அதுவும் வாங்குபவருக்கு நல்லதுதான்.

எந்த வருடத்து ஜிடி?

பெரிய குழப்பம் இல்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தகட்டில் சேஸிஸ் எண் இருக்கும். ஜிஎச்டி3 என்று தொடங்கினால் ஆரம்ப கால ஜிடி. அதில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே கியர் பற்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, கார் நின்ற பிறகுதான் முதல் கியருக்குப் போக முடியும். ஜிஎச்டி4 என்றால் 1967 கடைசிக்கு அப்புறம் வந்தது. எல்லா கியருக்கும் சின்க்ரோ, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அதற்கும் பிந்தையது ஜிஎச்டி5. தினசரிப் புழக்கத்துக்கு ஜிஎச்டி4, ஜிஎச்டி5 இரண்டில் ஒன்றுதான் என் சிபாரிசு.

1974 இலையுதிர் காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் குரோம் பம்பர் போய் கருப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காகச் செய்த மாற்றம், காரின் உயரத்தையும் கூடவே ஏற்றினார்கள். பார்க்க ஒரு மாதிரிதான், ஆனால் அதனாலேயே விலை குறைவு. நல்ல சில் உள்ள ரப்பர் பம்பர் கார், மோசமான சில் உள்ள குரோம் பம்பர் காரைவிட எத்தனையோ மேல்.

வி8 என்று விற்றால் மட்டும் நின்று நிதானியுங்கள். 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் வைத்து வந்தவை மொத்தம் 2,591 கார்கள்தான். அவற்றின் சேஸிஸ் எண் ஜிடி2டி1 என்று தொடங்கும். வேறு எண் இருந்தால் அது பிற்பாடு எஞ்சின் மாற்றிய கார். ஓட்ட நன்றாகவே இருக்கலாம், ஆனால் விலை அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியது

காரின் பதிவு எண் கையில் கிடைத்ததும் பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் அதன் எம்ஓடி (வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். இலவசம். 2005 வாக்கிலிருந்து எல்லாம் இருக்கும்: எத்தனை மைல், எதில் தோற்றது, எச்சரிக்கையாக என்ன எழுதினார்கள். 40 வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயம் இல்லை, அதனால் பல கார்களின் வரலாறு அந்த வருடத்தோடு நின்றுவிடும். அதற்கு முந்தைய வரிகளில்தான் புதையல். 'வலப்பக்க சில் துருப்பிடித்துள்ளது', 'பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் துரு' என்று ஒரு சோதனையாளர் எழுதி வைத்திருப்பார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் அதை யாராவது சரி செய்தார்களா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

பழைய கார் முதலில் என்ன நிறத்தில், எந்த எஞ்சின் எண்ணோடு, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதற்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தரும். விற்பவரிடம் அது இருந்தால் நல்ல அறிகுறி. இல்லையென்றாலும் பரவாயில்லை, வாங்கியபின் நீங்களே எடுக்கலாம்.

அப்புறம் போன். 'நான் வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்' என்று தயங்காமல் சொல்லுங்கள். பில்கள், போட்டோக்கள் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மழை நாளிலும் மாலை மங்கலிலும் போகாதீர்கள். ஈரம் பட்டால் எந்த பெயிண்டும் பளபளக்கும். கையில் ஒரு டார்ச், முட்டி போட ஒரு பழைய பாய், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்பேனர். வேறு எதுவும் தேவையில்லை.

சில்

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின் சக்கரம் வரை காரின் நீளத்துக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் சில். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதில் முக்கால் பங்கு பலம் இந்த இரண்டு சில்களில்தான் இருக்கிறது என்பேன். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அவற்றின் அடியில் காஸில் ரெயில் என்கிற இன்னொரு துண்டு. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு சில். பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால் துரு உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே எதுவும் மிச்சம் இருக்காது.

முறையாகச் செய்பவர் என்ன செய்வார்? காரை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, போல்ட்டில் மாட்டியிருக்கும் முன் விங்கை, அதாவது சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டை, கழற்றி, பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, சில்லின் எல்லா அடுக்குகளையும் மாற்றி, உள்ளே மெழுகு அடித்து மூடுவார். வேலை நிறைய, பணமும் நிறைய. குறுக்கு வழிக்காரர் துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, ஓரத்தில் வெல்டிங் வைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார். விற்கிற அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க, படுத்துக்கொண்டு சில்லின் அடி ஓரத்தில் டார்ச் அடியுங்கள். தகடுகள் சேரும் விளிம்பு கூர்மையாக, நேராக இருக்க வேண்டும். ஸ்பாட் வெல்டின் சின்னக் குழிகள் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். விளிம்பு தடியாக, அலை அலையாக இருந்தால் பழையதன் மேல் புதியது போர்த்தியிருக்கிறது. தண்ணீர் வடியும் இடைவெளிகள் திறந்திருக்கின்றனவா? அடைபட்டிருந்தால் செய்தவருக்கு அது எதற்கு என்றே தெரியவில்லை. முன் விங்கின் அடியும் சில்லும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரிய வேண்டும். அது பட்டியால் மூடி மொழுமொழுவென்று இருந்தால் அந்த விங் கழற்றப்படவே இல்லை.

அடுத்தது கதவு. கதவின் பின் ஓரத்துக்கும் பாடிக்கும் இடையில் உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். ஒரே அகலமா? மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. விற்பவர் சம்மதித்தால், சில்லுக்கு அடியில் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு மூடிய மாதிரியே மூடினால் நல்லது. இடித்தால் கிளம்பிவிடலாம். ஜாக்கி வைக்கவே கூடாது என்று விற்பவர் மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

அடியில் புதிதாக, கருகருவென்று அண்டர்சீல் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வாடகைக்கு விடுமுன் ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. நல்ல வேலை செய்தவர், அதைக் காட்டத்தான் ஆசைப்படுவார்.

துரு ஒளியும் மற்ற இடங்கள்: முன் விங்கின் பின்பாதி மேல் பக்கம் (உள்ளே சேறு தங்கும்), முன் கண்ணாடிக்குக் கீழ்ப் பகுதி, பின் சக்கர வளைவு, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பின் கதவின் அடி ஓரம். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி இருக்கிறது. 1974 வரை அங்கே ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஆசிட் சொட்டி அந்தப் பெட்டியே அரித்துப் போயிருக்கும். பெட்ரோல் டேங்க் அடியில் துருப்பிடிக்காது, மேலே மண் தங்கும் பக்கத்தில் பிடிக்கும். கீழே படுத்துப் பார்த்தால் தெரியாது, மோந்து பார்த்தால் தெரியும்.

பில் படிப்பது எப்படி

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து வைப்பார்கள், மொத்தம் இத்தனை ஆயிரம் பவுண்டு என்பார்கள், நாமும் மலைத்துப்போவோம். தொகையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பில்லில் உள் சில், காஸில் ரெயில், ஸ்பிரிங் ஹேங்கர், தரைத் தகடு என்று உதிரிகளின் பெயர் வருகிறதா? வந்தால் மரியாதை. கார்ப்பெட், குரோம், ஸ்டியரிங் வீல், ஒயர் சக்கரம், பெயிண்ட் மட்டும்தான் வருகிறதென்றால் அது ரெஸ்டோர் இல்லை, அலங்காரம்.

ஒருவரோடு ஒரு சிவப்பு 1973 ஜிடி பார்க்கப் போனேன். தூரத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி பெயிண்ட். டிரைவர் காலடிக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். கியர் பாக்ஸ் மேட்டின் ஓரத்தில் ஹார்வெஸ்ட் கோல்ட் எட்டிப் பார்த்தது, எழுபதுகளின் அந்த மஞ்சள். நிறம் மாற்றுவது குற்றம் இல்லை. ஆனால் மஞ்சள் நின்று சிவப்பு தொடங்குகிற இடத்தில் டேப் ஒட்டிய கோடு அப்படியே இருந்தது. உள்ளே எதையும் கழற்றாமல், தெரிகிற வரை அடித்திருக்கிறார்கள். ஃபைலில் பில்கள் ஏராளம், சில்லுக்கு ஒரு பில் கூட இல்லை. கேட்டதற்கு, 'சில் நன்றாகத்தான் இருந்தது, மாற்ற வேண்டி வரவில்லை' என்றார் விற்பவர். எம்ஓடி வரலாற்றில் 2011-லேயே இரண்டு பக்கமும் துரு என்று எழுதியிருந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரும் அந்த காரைப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

போட்டோ என்றால் பெயிண்ட் அடித்த பிறகு எடுத்தது இல்லை. தகடு வெறுமையாக, வெட்டிய இடம் வெட்டியபடி, வெல்டிங் தெரியும்படி எடுத்தது வேண்டும். பின்னணியில் தெரிகிற கராஜும் பதிவு எண்ணும் இந்தக் காருடையதுதானா என்றும் பாருங்கள்.

'ஹெரிடேஜ் ஷெல்' என்று ஃபைலில் இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது, பழைய தொழிற்சாலை அச்சுகளை வைத்தே. அசல் பாடி போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. பத்து இடத்தில் ஒட்டுப் போட்ட அசலைவிட, பில்லோடு வரும் புது ஷெல்லுக்கு நான் கூடுதலாகவே தருவேன்.

காந்தத்தை எங்கே வைப்பது? விங்கின் அடி, சக்கர வளைவின் உதடு, கதவின் அடி. ஒட்டாமல் வழுக்கினால் பட்டி தடியாக இருக்கிறது. கொஞ்சம் பட்டி எல்லா ரெஸ்டோர் காரிலும் இருக்கும், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

எஞ்சினும் ஓட்டமும்

இதில் அதிகம் பயப்பட எதுவும் இல்லை. 1,798 சிசி, வார்ப்பிரும்பு, முரட்டு எஞ்சின். எந்த உதிரியும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டலாம். ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். சோக்கை இழுத்துக் குளிரில் ஸ்டார்ட் செய்தபின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடானபின் ஆயில் பிரஷர் மீட்டர் ஓட்டத்தில் 50 முதல் 70 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும். ஐடிலில் 15-க்குக் கீழே போனால் பேரிங் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தோடு போய்விட்டது. அந்த ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது, அதனால் சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2021 முதல் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது. சூப்பர் ரக இ5 மட்டும் போடுங்கள், ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

ஓட்டும்போது ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் கட்டாயம் சோதியுங்கள். நான்காம் கியரில் 50 மைல் வேகத்தில் போட்டால் ஆர்பிஎம் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் சட்டென்று இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பெரும்பாலும் ஒயரோ சுவிட்சோதான். 'சின்ன வேலைதான்' என்று விற்பவரும் அதையே சொல்வார், சரி, அப்படியானால் அவரே செய்து தரலாமே?

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், செலவு குறைவு. நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு. கிரீஸ் அடிக்காமல் விட்ட கார் என்று அர்த்தம்.

ஒயர் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி 'டிங்' என்று பாட வேண்டும். நடுவில் ஒன்று 'டக்' என்றால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் மெதுவாக எடுக்கும்போது பின்பக்கம் 'டொக்' சத்தம் வந்தால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

விலை பேசுவதும் கொண்டுவருவதும்

ஒரு ஜிடியை முறையாக ரெஸ்டோர் செய்ய ஆகும் செலவு, அது விற்கும் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். அதனால் நன்றாகச் செய்த காருக்குக் கேட்கிற விலை நியாயமாக இருந்தால் ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். அரைகுறைக் காருக்கு எவ்வளவு குறைத்தாலும் போதாது. மனம் ஒப்பினால், 'ஒரு எம்ஓடி எடுத்துத் தாருங்கள், கட்டணம் நான் தருகிறேன்' என்று கேளுங்கள். சட்டப்படி தேவையில்லைதான். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, அந்தப் பணத்துக்கு ஒரு நிபுணர் காரைத் தூக்கிப் பார்த்து எழுதித் தருகிறார்.

பணம் கொடுக்குமுன் வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். வி5சியில் பெயர் இருப்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், அவர் வாங்கிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். வரிப் பிரிவு 'ஹிஸ்டாரிக்' (பழங்கால வண்டி) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் சாலை வரி பூஜ்யம், லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமும் இல்லை. ஆனால் நடு லண்டனில் ஓட்டினால் கஞ்செஷன் (நெரிசல்) கட்டணம் உண்டு. பூஜ்யம் என்றாலும் உங்கள் பெயரில் புதிதாக வரி பதிய வேண்டும், புது உரிமையாளருக்கான சின்னச் சீட்டை வாங்கி அங்கேயே போனில் முடித்துவிடலாம். கருப்பில் வெள்ளி எழுத்து நம்பர் பிளேட் மேல் ஆசை இருந்தால், 1980 ஜனவரி 1-க்கு முன் கட்டிய ஹிஸ்டாரிக் காருக்குத்தான் அனுமதி. கடைசி வருட ஜிடிகளுக்குக் கிடையாது.

இன்ஷூரன்ஸ் 'அக்ரீட் வேல்யூ' (காரின் மதிப்பை முன்பே பேசி முடிவு செய்வது) முறையில் எடுங்கள். அந்த சில் போட்டோக்களும் பில்களும் அங்கே மறுபடி உதவும், இவ்வளவு மதிப்பு என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் அவைதான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒயர் சக்கரங்களின் நடு நட்டை நான்கிலும் இன்னொரு முறை முடுக்குங்கள், திருப்ப வேண்டிய பக்கம் அதிலேயே குறித்திருக்கும். ஆயில் மாற்றி, கிங்பின்களுக்கு கிரீஸ் அடித்து, மைல் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிரீஸ் அதிலிருந்து 3,000 மைலில்.